தோல் திசுப் பரிசோதனை: ஏன், எவ்வாறு?

சாதாரணத் தேமலும் தொழுநோயின் வெளிறிய படையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். அவற்றுக்கான சிகிச்சை வேறு. ஐயம் எழும்போது பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனை தேவைப்படும்.

செய்முறை: மரத்துப்போக ஊசி செலுத்தி, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலத்தில் தோல் எடுக்கப்படும். அதை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்வர். தொழுநோயில் நரம்புகளைச் சுற்றி அழற்சி தென்படும். கிருமி தென்படவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை எனக் கொள்ளலாகாது.

முன்னதாக: இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, பூசும் களிம்பு, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவிக்கவும். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

பின்னர்: முதல் நாள் காயம் நனையாமல் காக்கவும். சீழ், காய்ச்சல், நிற்காத இரத்தக்கசிவு இருப்பின் உடனே மருத்துவரை அணுகவும்.

வெள்ளக்கடை உள்ளிட்ட ஏற்காடு மலைக் கிராமத்தினர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தையலைப் பிரித்துக்கொள்ளலாமா என்பதைப் புறப்படும் முன்னரே கேட்டறியவும்.

தோலை எடுப்பதால் தொழுநோய் பரவாது. உணர்ச்சியற்ற படையைக் கண்டும் காலம் தாழ்த்தினால் கை, கால் நரம்புகள் பாதிக்கப்படலாம். தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.