நடுமுற்றமும் பொங்கற் பானையும்



முன்னோர் வாழ்ந்த வாழ்க்கையை அறிய விரும்புவோர் கோயில்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்வது வழக்கம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் அவற்றுக்குச் சற்றும் குறையாத சான்று ஒன்று உண்டு. அதுதான் மக்கள் குடியிருந்த வீடு. அடுப்பு எங்கே இருந்தது, உரல் எங்கே கிடந்தது, விருந்தினர் எதன்மேல் அமர்ந்தனர், பண்டிகை நாளிலே பானை எங்கே ஏறிற்று என்னும் சிறு வினாக்களைக் கேட்டுப் பார்த்தால், நானூறு ஆண்டு வரலாறு அவ்வீட்டுக்குள்ளிருந்தே விடை பகரக் காண்போம். யாழ்ப்பாணத்து வீட்டின் உள்ளமைப்பும் அங்கு நிகழ்ந்த பண்டிகைச் சமையலும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்கின என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

யாழ்ப்பாணத்து வீடு என்றதும் பலர் நினைவுக்கு வருவது நாற்சார் வீடு. ‘சார்’ என்பது சரிந்திறங்கும் கூரைப் பகுதி. நான்கு புறமும் சார்கள் இறங்க, நடுவே வானை நோக்கித் திறந்த முற்றம் அமைந்திருப்பதே நாற்சார் வீட்டின் இலக்கணம். மாரியிலே நான்கு கூரைகளின் நீரும் முற்றத்தில் வீழ்ந்து வாய்க்கால் வழியே வெளியேறும். கோடையிலே வெப்பக் காற்று அத்திறப்பினூடாக மேலெழ, சுற்றியுள்ள தாழ்வாரங்கள் குளிர்ந்திருக்கும். இது வசதி படைத்தோர் வீடு. எளியோர் வளவிலோ, படுப்பதற்கும் பொருள் வைப்பதற்கும் ஒரு மண் வீடு, சமைப்பதற்கு ஒரு கொட்டில், வந்தோர் அமர ஒரு தலைவாசல் எனத் தனித்தனிச் சிறு கட்டடங்கள் முற்றம் ஒன்றைச் சூழ்ந்து நின்றன. வீடுகள் வேறுபட்டாலும் முற்றம் இருவகையார்க்கும் பொதுவாயிருந்தது.

முற்றத்துக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? அங்கே நடந்த வேலைகளை எண்ணிப் பார்த்தால் விளங்கும். நெல்லும் மிளகாயும் வெயிலில் உலர்ந்தது அங்கே. பனம்பழத்தின் களி பாயிலே பரப்பப்பட்டுப் பனாட்டாகக் காய்ந்ததும் அங்கேயே. பனங்கிழங்கு ஒடியலாகவும், அவித்த கிழங்கு புழுக்கொடியலாகவும் மாறியதும் அவ்விடத்திலேதான். அரிசி இடிப்பதற்கும் வெளியிடம் வேண்டும். உலக்கையை ஓங்கிப் போடுவதற்குத் தாழ்ந்த ஓலைக் கூரை இடங்கொடாது. ஒரே உரலில் இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி இடிக்க, மூன்றாமவர் மாவை அரிக்க, நாலாமவர் வறுக்க, வேலை சங்கிலியாய் ஓடும். பண்டிகைப் பலகாரங்களிற் பெரும்பாலானவை அரிசி மாவை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலின், பலர் கூடி நின்று மா இடிப்பதற்குரிய வெளி, பண்டிகைச் சமையலின் முதற் தேவையாயிற்று.

ஆண்டின் பண்டிகைகளை முற்றத்தில் நின்றே எண்ணி விடலாம். தை முதல் நாளிலே முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, உலக்கையை நேர்கோலாகக் கிடத்தி, அதன் ஓரமாக அரிசி மாவினால் சதுரமாகக் கோலமிடுவர். அதன் நடுவே கற்களைக் கூட்டிப் புதுப்பானை ஏற்றுவர். பச்சரிசி, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியன சேர்ந்து பால் பொங்கி வழியும்போது கதிரவன் கண்ணிற் படுதல் வேண்டும். பானை கூரைக்கு வெளியே வந்ததற்குக் காரணம் இதுவே. நாள்தோறும் பெண்கள் புகையினூடே தனித்து நின்று செய்த சமையல் அன்று வெட்டவெளிக்கு வந்து, ஆண்களும் சிறுவரும் சூழ்ந்து நிற்கும் நிகழ்ச்சியாகிறது.

யூலை மாத நடுவிலே ஆடி பிறக்கும். அரிசி மாவையும் பயற்றையும் தேங்காய்ப்பாலையும் பனங்கட்டியையும் கொண்டு ஆடிக்கூழ் காய்ச்சி, கொழுக்கட்டையும் அவித்து, பலாவிலையைக் கோலிக் கூழை அள்ளிக் குடிப்பது வழக்கம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இந்நாளைக் குழந்தைகளுக்காகப் பாடி வைத்தமையால், யாழ்ப்பாணத்தை விட்டு நெடுந்தொலைவில் வாழ்வோரின் பிள்ளைகளும் ஆடிக்கூழை அறிவர். அக்கூழுக்கு இனிமை தந்த பனங்கட்டி, கருப்பநீரைக் காய்ச்சி, ஓலைக் குட்டானில் வார்த்து, அடுப்புக்கு மேலுள்ள பரணிலே சேமித்து வைக்கப்பட்டது. பரண் அங்கு அமைந்தமை தற்செயலன்று. அடுப்பின் வெம்மை பண்டங்களை ஈரம் அண்டாமற் காத்தது. புகை கூரை ஓலையைப் பூச்சியரிக்காமற் காத்தது.

இனி, வீட்டினுள்ளே நுழைந்து பொருள்களின் பெயர்களைக் கவனிப்போம். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், சாவி, குசினி ஆகிய இச்சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். மேசையின் லாச்சி அவர்கள் விட்டுச் சென்ற சொல். அதற்கு முன்னர் நம்மவர் பாயிலும் திண்ணையிலும் அமர்ந்தனர். பொருள்களைப் பெட்டகத்திலும் கடகத்திலும் வைத்தனர். அந்நியர் ஆட்சி மறைந்த பின்னும் கதிரை நம் தலைவாசலில் நிலைத்து விட்டது. அடுக்களைக்குள்ளும் இதே கதைதான். மிளகாயும் மரமுந்திரிகையும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. போர்த்துக்கேயர் வழியாக இப்பகுதிக்கு வந்தவை. ஒடியற் கூழின் இன்றைய உறைப்பும், பொங்கலில் மிதக்கும் முந்திரிப் பருப்பும், ஆகவே, பழைமையானவை அல்ல. புதியதை ஏற்றுப் பழையதோடு இணைத்துக் கொண்ட திறமையே நம் அடுக்களையின் மரபு எனலாம்.

எனினும் நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், திருவலை, அம்மி, அகப்பை ஆகியவற்றின் பெயர்களைப் பாருங்கள். வந்தாரை அமர்த்திய இடத்தில் அந்நியச் சொற்கள் குடியேறின. உணவை ஆக்கிய கருவிகளிற் பல தம் பழம் பெயரை விடவில்லை. இதற்கு ஒரு காரணம் சொத்துரிமை முறையிலே கிடைக்கின்றது. 1707 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு, தாயின் சீதனம் மகளின் சீதனமாகச் செல்லும் பண்டை வழக்கத்தைக் கூறுகின்றது. பல குடும்பங்களில் வீடும் வளவும் இவ்வாறே தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. மகள் தான் பிறந்த வளவிலேயே, அல்லது அதன் அயலிலேயே, குடும்பம் நடத்தினாள். அதே உரல், அதே அம்மி, அருகிலே தாயும் சகோதரியரும். கைப்பக்குவம் தலைமுறை தாண்டி வந்தது இவ்வழியாகத்தான். திருமணத்துக்கு முன் உறவினர் கூடிப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுடும் ‘பலகாரச் சூடு’ என்னும் நிகழ்ச்சியும் இக்கூட்டுறவின் விளைவே.

ஆயினும் பழைமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறைத்தல் ஆகாது. அம்முற்றம் எல்லோருக்கும் ஒரே வகையாகத் திறந்திருக்கவில்லை. பனையேறிக் கருப்பநீர் இறக்கியவரும் வயலில் உழைத்தவரும் தம் உழைப்பால் விளைந்த கூழையே, சாதியின் பெயரால், புறத்தே நின்று வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடித்த காலம் உண்டு. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தேநீர்க்கடை முதலிய பொது இடங்களில் இப்பாகுபாட்டைக் குற்றமாக்கியது. வீட்டு முற்றத்தைத் திருத்தும் கடமை வீட்டாரிடமே விடப்பட்டது. அன்றியும், சாளரமற்ற அடுக்களையின் புகையில் கண் எரிய நின்ற பெண்களின் துன்பமும் சிறிதன்று.

ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் வீட்டின் தோற்றம் மாறலாயிற்று. மலாயாவில் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் பணியாற்றியோர் அனுப்பிய பணம் கல்வீடுகளாக எழுந்தது. 1865 இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பரவிய தட்டையோடு, பீலியோட்டுக்கும் ஓலைக்கும் போட்டியாக வந்தது. சாண மெழுக்கு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை பளபளத்தது. பின்னர் மா அரைக்கும் ஆலை உரலின் வேலையை எடுத்துக்கொண்டது. முற்றம் சுருங்கியது, சில வீடுகளில் மறைந்தும் போயிற்று. உழைப்புக் குறைந்தது நன்மையே. ஆனால் உழைப்பைப் பகிர்ந்த கூட்டமும் அதனுடன் கலைந்தது.

அதன்பின் வந்தது போர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். அலுமாரியையும் பெட்டகத்தையும் எவரும் தூக்கிச் செல்ல முடியவில்லை. பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தோர்க்கு மிஞ்சியவை சில பாத்திரங்களும் கைப்பக்குவமுமே. 2009 இல் போர் முடிந்து திரும்பியோர் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய வளவுகளும். வீடு அழிந்த பின்னும் சமையல் எஞ்சியது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பனி பெய்யும் தை மாதத்தில், எரிவாயு அடுப்பின்மேல் ஏற்றிய சிறு பானையிற் பொங்கும் பாலே இதற்குச் சாட்சி.

எனின், வீட்டின் அமைப்புப் பற்றி இனிக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கவலைக்கு இடமுண்டு. மூடிய சிறு குசினியில் ஒருவர் நிற்கலாம். நால்வர் கூடி வேலை செய்ய இயலாது. பண்டிகை நாளிலே வரவேற்பறையில் அனைவரும் அமர்ந்திருக்க, உள்ளே ஒரு பெண் மட்டும் வியர்வை சிந்துகிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்று மா குழைத்துப் பதம் பார்க்கப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஏட்டில் எழுதிய அளவு பதத்தைக் கற்பிக்காது. கொழுக்கட்டை மாவின் இளக்கத்தைக் கையே கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த இடம் போனால் சமையலும் ஒரு தலைமுறைக்குள் கடைப் பொட்டலமாகிவிடும்.

ஆதலின், புதிதாக வீடு அமைப்போருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. நாற்சார் வீட்டைத் திரும்பக் கட்டுவது யாவர்க்கும் இயலாது, வேண்டியதுமில்லை. குசினிக்கு அகன்ற யன்னல் வையுங்கள். அதன் கதவு ஒரு சிறு திறந்த வெளிக்குத் திறக்கட்டும். அங்கே கிழக்கு வானம் தெரியட்டும். ஐந்தாறு பேர் பாய் விரித்து அமரத்தக்க அகலம் இருக்கட்டும். பண்டிகை நாளிலே ஆண்களும் பிள்ளைகளும் அங்கே வந்து தேங்காய் துருவவும் மா அரிக்கவும் பழகட்டும். அயலவர் எவராயினும் அவர் வாசலில் நிற்காமல், அதே பாயில் அமர்ந்து, அதே பாத்திரத்தில் கூழ் அருந்தட்டும். பழைய முற்றத்தில் இல்லாதிருந்த அந்த ஒன்றையும் சேர்த்துக் கொண்டால், நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் வீடு முன்னோர் வீட்டினும் சிறந்ததாகும்.