மந்துக்காலும் மறைந்த புழுவும்: யானைக்கால் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வின் வரலாறு

முன்னுரை

தமிழில் யானைக்கால் என்றும், மலையாளத்தில் மந்து என்றும், வடமொழி மருத்துவ நூல்களில் சிலீபதம் என்றும் வழங்கப்பெறும் நோய், கண்ணுக்குப் புலனாகும் வீக்கத்தைக் கொண்டே நெடுங்காலம் அறியப்பட்டது. அவ்வீக்கத்திற்கும் அதற்கு மூலமான புழுவிற்கும் இடையில் உடலின் எதிர்ப்பாற்றல் வகிக்கும் பங்கினை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்காறும் நிலமும்

பாலக்காடு மாவட்டம் பட்டாம்பியை அடுத்த இராயிரநெல்லூர் மலை, நாறாணத்துப் பிராந்தன் கதையோடு தொடர்புடையது. சுடுகாட்டில் தோன்றிய காளி வரம் கேட்குமாறு வற்புறுத்த, ஒரு காலிலுள்ள மந்தை மறுகாலுக்கு மாற்றினால் போதும் என்று அவன் கேட்டதாகக் கதை கூறும். மந்து இடம் மாறலாம், நீங்காது என்னும் மக்களின் பட்டறிவு இவ்வெள்ளலில் பொதிந்துள்ளது. பழைய நீர் தேங்கி, எப்பருவத்தும் குளிர்ந்திருக்கும் நிலங்களில் இந்நோய் மிகும் என்று சுசுருத சங்கிதை குறிப்பிடுகிறது. கொசுவை அறியாத காலத்தும் நிலத்தை அறிந்திருந்தனர். கேரளத்தின் 14 மாவட்டங்களுள் 11 நோய்ப்பரவல் உடையனவாக வகைப்படுத்தப்பட்டபோது பாலக்காடு அவற்றுள் இடம்பெற்றதும், மலைமாவட்டமான இடுக்கி இடம்பெறாததும் இவ்வுண்மையோடு ஒத்துச் செல்கின்றன.

புழுவும் கொசுவும்

1872இல் கல்கத்தாவில் தீமோதி லூயிஸ் மனிதக் குருதியில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் பாட்ரிக் மேன்சன் அவை கொசுவினுள் வளர்வதைச் சீனத்தின் அமோய் நகரில் கண்டறிந்தார். திருவிதாங்கூரில் எம்.ஓ.டி. ஐயங்கார் 1930களில் நிகழ்த்திய கள ஆய்வுகள், ஆகாயத்தாமரையைப் பற்றி வளரும் மான்சோனியா கொசுக்களின் பங்கினை விளக்கின. ஆயினும் ஒரு வினா எஞ்சியது. குருதியில் புழு மிக்கவர்க்குப் பெரும்பாலும் வீக்கம் இல்லை. வீக்கம் முற்றியவர் குருதியில் பெரும்பாலும் நுண்புழு இல்லை. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது?

எதிர்ப்பாற்றலின் இரு முகங்கள்

இவ்வினாவிற்கான விடையை எதிர்ப்பாற்றல் இயல் அளித்தது. நிணநீர் நாளங்களில் வாழும் புழு, உடலின் தாக்குதலைத் தணிக்கும் வழிகளைத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-10 மிகுகிறது, ஐஜிஜி4 எதிர்ப்புரதம் பெருகுகிறது, புழுவை எதிர்க்கும் டி அணுக்களின் வினை தளர்கிறது. எனவே நோய் தாங்கியவர் நலமுற்றவராகவே தோன்றுவார். மாறாக, வீக்கம் முற்றியவரிடம் அவ்வெதிர்வினை வலுவாக உள்ளது. நாளங்களின் சிதைவும் மீண்டும் மீண்டும் தொற்றும் நுண்கிருமிகளும் வீக்கத்தை மேலும் வளர்க்கின்றன.

எதிர்ப்பாற்றல் எல்லை மீறும் நிலைக்கு நுரையீரல் ஈசினோஃபில் நோய் சான்றாகும். 1940இல் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த பிரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றும் இந்நிலையை விவரித்தனர். 1943இல் வெயின்கார்ட்டன் இதனைத் தனி நோயாக வரையறுத்தார். இரவில் இருமலும் இளைப்பும் வருத்தும்; குருதியில் ஈசினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000க்கு மேல் உயரும்; ஐஜிஇ மிகும். நுண்புழுக்கள் நுரையீரலில் சிக்கி அழிவதால் குருதியில் அவை புலப்படுவதில்லை. சிங்கப்பூரில் டி.ஜே. தனராஜ் 1950, 1960களில் மேற்கொண்ட ஆய்வுகள், இந்நோய்க்கும் யானைக்கால் புழு வகைக்கும் உள்ள தொடர்பினை உறுதிப்படுத்த உதவின. டை எத்தில் கார்பமசின் மருந்தால் இந்நோய் தணிவதும் அதற்குத் துணைச் சான்றாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை பெறப்படுகிறது. சமூகம் விலக்கி வைத்த வீங்கிய காலுக்குரியவர் பெரும்பாலும் நோயைப் பரப்புபவர் அல்லர்; உடல் அமைதி காக்கும் நோயற்ற தோற்றத்தினரே புழுவைச் சுமந்து நிற்கின்றனர். 2004 முதல் நோய்ப்பரவல் மாவட்டங்களில் அனைவருக்கும் மாத்திரை வழங்கும் முறை நாடளாவ மேற்கொள்ளப்பட்டதன் அடிப்படை இதுவே. 'எனக்கு நோயில்லை' என்று மாத்திரையை மறுப்பவரிடமே நோயின் தொடர்ச்சி தங்கக்கூடும். மந்து கண்ணுக்குத் தெரிந்தது, புழுவோ தெரியவில்லை. பழியைத் தெரிந்ததன்மேல் சுமத்திய நெடிய வரலாற்றை எதிர்ப்பாற்றல் ஆய்வு திருத்தி எழுதியுள்ளது எனலாம்.