புல்லும் மரமும்: கல்வராயன் மலைப்பகுதிக் கூடைமுடைவோர் வரலாறு

புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கின்றது. அவ்வகையில், உள்ளே வெறுமையும் வெளியே உறுதியும் கொண்ட மூங்கில் புல்லாகும். இன்றைய தாவரவியலும் அதனைப் புற்குடும்பத்திலேயே வைக்கின்றது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டமோ மரம் என்னும் சொல்லுள் மூங்கிலையும் அடக்கியது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமும் அவ்வழியே சென்றது. இப்பெயர்மாற்றம் கூடைமுடைவோர் வாழ்வையே தாக்கிற்று.

கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் மூங்கிற் பின்னலின்றி உழவு நடந்ததில்லை. எருச் சுமக்கக் கூடை, தானியம் புடைக்க முறம், கோழி கவிழ்க்கப் பஞ்சாரம், சாமை சேமிக்கத் தொம்பை எனக் களமும் அடுக்களையும் அதனை நாடின. பச்சை மூங்கிலைப் பிளந்து, கணுவைச் செதுக்கி, பிளாச்சாக்கி, அடியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, பக்கங்களை எழுப்பி, விளிம்பை இறுகக் கட்டி முடிப்பர். காய்ந்த மூங்கில் வளையாது ஒடியும். எனவே பச்சைக் கழி தடையின்றிக் கிடைப்பதே இத்தொழிலுக்கு உயிர். கழி வெட்ட அனுமதி வேண்டுமென்றானபோது அவ்வுயிர் ஊசலாடிற்று.

மூங்கிலைப் போன்றே அதை முடைந்தோரும் தவறாகப் பெயரிடப்பட்டனர். 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கூடை முடைதலை வாழ்வாகக் கொண்ட குறவர் பிரிவுகள் பலவும் அதன் பிடிக்குள் அகப்பட்டன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் குறவரின் கூடைத்தொழில் பதிவாகியுள்ளது. சட்டமோ அவர்தம் தொழிலை நோக்காது பிறப்பையே குற்றமாக்கியது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீங்கியது. கள்ளக்குறிச்சியை அடுத்த ஆத்தூரின் பெயர் தாங்கிய குறவர் பிரிவுகள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் உள்ளன.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூல் எனக் கொண்டது. 2017இல் இந்திய வனச் சட்டத்தின் மரம் என்னும் விளக்கத்தினின்றும் அது நீக்கப்பட்டது. தொல்காப்பியர் கண்டதைச் சட்டம் காண இத்துணைக் காலம் சென்றது. அதற்குள் நெகிழிக் கூடை சந்தையில் இடம்பிடித்துவிட்டது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றமை மகிழ்தற்குரியது. கடவுளைச் செதுக்கும் கையைப் போற்றும் நாம், படையல் அரிசியைப் புடைக்கும் முறத்தை முடைந்த கையையும் எண்ணுதல் வேண்டும். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தார், கூடைமுடைவோரிடம் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க முன்வருதல் நன்று. கழியின் பருவத்திற்கும் பிளாச்சின் அளவிற்கும் பின்னலின் வகைக்கும் அவர்கள் இட்ட பெயர்களே அவர்கள் எழுதிவைத்த வரலாறு. முடையும் கைகள் ஓய்ந்தபின் அச்சொற்களைக் கேட்டுப் பெற இயலாது.