பாறையும் வளியும்: ஒரு கருத்தின் வரலாறு

கோளொன்றின் வளிமண்டலத்தை அதன் பாறையுடலின்மேற் கிடக்கும் வெறும் போர்வையாகக் கருதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பாறை நிலவியலாளருக்கும் காற்று வானிலையாளருக்கும் உரியனவாகப் பங்கிடப்பட்டிருந்த அறிவுலகில் இது வியப்பன்று. ஆயினும், இவ்விரண்டும் ஒன்றையொன்று ஆக்குவன என்பது 1845 இலேயே கூறப்பட்டிருந்தது. கூறியவர் யார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அவர் எபல்மன் என்னும் பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர். பின்னர் செவ்ர் பீங்கான் ஆலையின் நிருவாகியானவர். பீங்கானுக்குரிய வெண்களி, கருங்கல்லிலுள்ள பெல்சுபார் என்னும் கனியம் சிதைவதால் உண்டாவதாகும். இத்தகைய சிதைவின்போது வளியிலுள்ள காபனீரொட்சைட்டு பிணைக்கப்பட்டு ஈற்றிற் சுண்ணக்கல்லாகின்றது. எரிமலைகள் அதனை மீண்டும் வளிக்கு விடுகின்றன. எனவே காற்றின் அமைப்பும் பாறையின் வரலாற்றோடு மாறுவது என்பதே அவர்தம் முடிபு. சுரங்கத்தோடும் உலைக்களத்தோடும் பழகியவருக்கே இவ்வினா எழுந்தமை தற்செயலென நான் கருதவில்லை. 1852 இல் அவர் இளவயதிலேயே மறைந்தார், கருத்தும் மறக்கப்பட்டது. ஹரோல்ட் யூரே 1952 இல் அதே இரசாயனத்தைப் புதிதாக எடுத்துரைக்க நேர்ந்தது. எபல்மனின் முதன்மையை ரொபேட் பேணரும் மாஷும் உலகுக்கு நினைவூட்டியது 1996 இலேயாம்.

இடையில், 1981 இல், வாக்கர், ஹேய்ஸ், காஸ்ரிங் ஆகியோர் இன்றியமையாத ஒன்றைச் சேர்த்தனர். வெப்பம் ஏறினால் மழையும் பாறைச் சிதைவும் மிகும், காபனீரொட்சைட்டுக் குறையும், வெப்பம் தணியும். குளிர்ந்தால் இதன் மறுதலை நிகழும்.

இச்சுழற்சி அறுந்தால் நேர்வதை வெள்ளி காட்டுகின்றது. 1918 இல் அரேனியசு அதனைச் சதுப்புகள் நிறைந்த ஈரக்கோளாக வருணித்தார். 1970 டிசெம்பரில் அங்கு இறங்கிய சோவியத் விண்கலம் வெனேரா 7 அனுப்பிய செய்தியோ ஏறத்தாழ 475 பாகை செல்சியசு. வெள்ளியின் வளியில் 96 சதவீதத்துக்கு மேல் காபனீரொட்சைட்டே. புவியிலும் அதனோடு ஒப்பிடத்தக்க அளவு காபன் உண்டு; ஆனால் அதன் பெரும்பகுதி பாறையாகக் கிடக்கின்றது. வெள்ளியோ நீரை இழந்தது. நீரின்றி மழையில்லை, மழையின்றிப் பாறை காற்றை உண்ணவியலாது. அதுமட்டுமன்று: நீரிழந்து வெந்த அம்மேலோடு, புவியினதைப் போலத் தகடுகளாகப் பிளந்து ஆழத்துள் அமிழவில்லை. வளியே ஆழத்தின் இயக்கத்தை மாற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரது கருத்து.

அடித்தளம், மேற்கட்டுமானம் என்னும் உவமையோடு பழகிய வாசகருக்கு இங்கு ஏங்கல்சு 1890 இல் யோசப் புளொக்குக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வரும். பொருளாதாரம் மாத்திரமே தீர்மானிக்கும் காரணி என்று தம் கோட்பாட்டைத் திரிப்போரை அதில் அவர் மறுத்தார். நம் விமரிசகருட் சிலர் அத்திரிபை இன்னும் கைவிட்டாரில்லை. எனினும், கோள்களை அக்கடிதத்துக்குச் சான்றாக நிறுத்த நான் முற்படேன். சமூகத்தின் விதியை இயற்கையிற் கண்டு மகிழ்வதும் ஒருவகைக் கருத்துமுதல்வாதமே.

வெள்ளியின் ஆழம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்று கொள்ளவும் இடமுண்டு. மகலன் விண்கலம் 1991 இல் எடுத்த ரேடார்ப் படங்களை மீளாய்ந்தோர், எட்டு மாத இடைவெளியில் எரிமலை வாயொன்று விரிந்து உருமாறியிருந்ததை 2023 இல் அறிவித்தனர்.