பரண் மேல ஒரு லைடன் ஜாடி

போன வாரம் பரணை ஒழிச்சப்போ பழைய 14 இன்ச் கலர் டிவி கீழே இறங்கியது. 2006-ல ஆரம்பிச்ச அரசு இலவச டிவி திட்டத்துல வந்தது. பையன் உடனே ஸ்குரூ டிரைவரோட உட்கார்ந்துட்டான். "பிளக்கைப் புடுங்கியாச்சேப்பா, அப்புறம் என்ன?"ன்னான். இதே வசனத்தைப் பேசிட்டு செவுத்துல போய் மோதினவன் நான் :-) அவனுக்குச் சொன்ன கதை உங்களுக்கும்.

1746. ஹாலந்துல லைடன் நகரம். பேராசிரியர் முஸ்ஸென்ப்ரூக், தண்ணி ஊத்தின கண்ணாடி ஜாடிக்குள்ள உராய்வு மின்சாரத்தை கம்பி வழியா இறக்கிப் பார்த்துக்கிட்டிருந்தார். ஜாடியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு மறு கையால கம்பியைத் தொட்டா, உடம்பே குலுங்கற அடி! பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு தரம் தொடமாட்டேன்கிற ரேஞ்சுக்கு பாரீஸ்ல இருந்த ரொமூருக்குக் கடுதாசி எழுதினார். சில மாசம் முன்னாடி, 1745-லயே, வான் க்ளைஸ்ட்டும் தனியா இதே அடியை வாங்கியிருந்தார்.

விஷயம் என்னன்னா, மெஷினை நிறுத்தினாலும் மின்சாரம் ஜாடிக்குள்ள காத்துக்கிட்டு இருக்கும். உள்ளே தண்ணி, வெளியே பிடிச்ச கை, நடுவுல கண்ணாடி. முதல் கெப்பாசிட்டர் அதுதான்.

அப்புறம் இது வேடிக்கையாயிடுச்சு. அதே வருஷம் பிரான்ஸ்ல நொலே 180 சிப்பாய்களைக் கைகோக்க வெச்சு ராஜா முன்னாடி ஒண்ணா துள்ள வெச்சார். 1750 கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பிலடெல்பியாவுல பெஞ்சமின் பிராங்க்ளின் ரெண்டு பெரிய ஜாடியை வெச்சு ஒரு வான்கோழியைக் கொல்லப் பார்த்தார். சுத்தி ஆளுங்க பேச்சு. கவனம் சிதறி, ஒரு கை மேல் கம்பியில, இன்னொரு கை ஜாடிங்களோட வெளிப்பக்கச் சங்கிலியில. அடி அவருக்கு! பளிச்சுனு வந்த வெளிச்சமும் தெரியலையாம், சத்தமும் கேக்கலையாம். நெஞ்செலும்பு வலி மட்டும் இன்னும் மிச்சம் இருக்குன்னு அவரே அண்ணனுக்கு எழுதியிருக்கார். ஒரு கையில ஏறி மறு கையில இறங்கினா, வழியில இருக்கறது இதயம்.

சரி, நம்ம டிவிக்கு வருவோம். பிக்சர் டியூபோட கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு இருக்கும். உள்பூச்சுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல போகுது. நடுவுல கண்ணாடி. அதாவது வீட்டுக்கு வீடு ஒரு லைடன் ஜாடியை வெச்சுத்தான் சீரியல் பார்த்திருக்கோம்! பிளக்கைப் புடுங்கினப்புறமும் இந்தச் சார்ஜ் நாள்கணக்குல நிக்கலாம். ஒரு தரம் டிஸ்சார்ஜ் பண்ணினாலும் கொஞ்சம் திரும்பி வரும். ஜாடி ஆளுங்களும் இதைப் பார்த்திருக்காங்க.

இதை விட மோசமான ஆள் பவர் சப்ளையில இருக்கற குண்டு கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் சுமார் 325 வோல்ட் டிசியா அதுல நிக்கும். வோல்ட் கம்மிதானேன்னு நினைக்காதீங்க. டியூப்ல தங்கறது ஒரு ஜூலுக்கும் கீழே. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்ல 11 ஜூலுக்கு மேல!

இப்ப என் கொசுவர்த்தி. காலேஜ் நாள்ல எங்க பிளாக் அண்ட் ஒயிட் டிவியை ஆஃப் பண்ணிட்டுத்தான் திறந்தேன். டியூப் மேல இருந்த ரப்பர் தொப்பிக்கு அடியில விரல் போச்சு. அடுத்த நொடி முதுகு செவுத்துல, முழங்கையில ரத்தம். ஷாக்கை விட அந்த உதறல்தான் வெட்டிச்சு. தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "தம்பி, இடது கை எப்பவும் பேன்ட் பாக்கெட்ல இருக்கணும்." அவர் பிராங்க்ளினைப் படிச்சவரில்லை. ஆனா அதே பாடம்.

பையன் கேட்டுட்டு ஸ்குரூ டிரைவரைக் கீழே வெச்சான். அப்புறம், "அப்ப யார்தான் திறக்கறது?"ன்னான். அண்ணன் கடையில இப்ப அவர் மகன் உட்கார்ந்திருக்கார். ஞாயித்துக்கிழமை டிவியோட அங்க போறோம். பையன் பக்கத்துல நின்னு பார்ப்பான், கையைக் கட்டிக்கிட்டு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் டிவியைத் திறக்கக் கிளம்பாதீங்க மக்களே. உங்களுக்கும் ஒரு அண்ணன் கடை இருக்கும்.