நாவும் எழுத்தும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கத்து அன்பர்கள் பணித்தபோது சற்றே தயங்கினோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு, அரசர்களையும் போர்களையும் பற்றி எழுதத் தகுதி ஏது? எனினும், இக்காலனியில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுகின்ற வரலாறு ஒன்று உண்டு. ஆங்கிலச் சொற்கள் எழுதியபடி ஏன் ஒலிப்பதில்லை என்பதே அது.

நம் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறோம். வேலையில் சேர்ந்த புதிதில், கடிதம் ஒன்றைத் தொலைபேசியில் படித்துக் காட்ட நேர்ந்தது. அதில் ‘கேஜ்’ என்னும் சொல் வந்தது. ஜி, ஏ, யூ, ஜி, ஈ என்னும் ஐந்து எழுத்துகளைக் கண்ட நாம், ‘காஜ்’ என்று உரக்கப் படித்தோம். மறுமுனையில் இருந்தவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களையும் அழைத்து, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அன்று முதல் பல மாதங்கள், அச்சொல் வரும்போதெல்லாம் ‘பாதை’ என்று மாற்றிச் சொல்லித் தப்பினோம். நெடுங்காலம் மீட்டர் கேஜ் சந்திப்பாக விளங்கிய நம் பாகாலாவில், அச்சொல்லைத் தவிர்த்து வேலை பார்ப்பது உப்பைத் தவிர்த்துச் சமைப்பது போன்றதாகும்.

பிழை நம் நாவினுடையதா, அந்த எழுத்தினுடையதா?

தமிழ் எழுத்து ஒலியோடு ஒட்டி நடப்பது. தொல்காப்பியர் பிறப்பியல் என்று தனி இயலே வகுத்து, காற்று எங்கிருந்து எழுகிறது, நாவும் பல்லும் இதழும் அண்ணமும் எவ்வாறு பொருந்தி ஒலியைப் பிறப்பிக்கின்றன என்று காட்டினார். எழுத்துக் கற்ற தமிழ்க் குழந்தை, பொருள் அறியாத சொல்லையும் பிழையின்றிப் படித்துவிடும். ஆங்கிலக் குழந்தைக்கு அந்தப் பேறு இல்லை.

முற்காலத்தில் ஆங்கிலமும் பெரும்பாலும் எழுதியபடியே ஒலித்தது. வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்னும் சொல்லில் இன்று ஊமையாய் நிற்கும் எழுத்துகள் அன்று வாய்விட்டு ஒலித்தன. 1476ஆம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அந்நாட்களில் ஆங்கில உயிரொலிகள் மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்த மாற்றம் அது. அச்சு, எழுத்தைப் பழைய கோலத்திலேயே நிறுத்தியது. நாவோ நடந்துகொண்டே இருந்தது. இரண்டும் பிரிந்தன.

புலவர்களும் தம் பங்குக்குச் சிக்கலைக் கூட்டினர். பார்சல் ஆபீசில் நாம் அன்றாடம் எழுதிய ‘ரிசீட்’ என்னும் சொல்லில் உள்ள ‘பி’, இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காக இடையில் செருகப்பட்டது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல்லில் உள்ள ‘பி’யும் அவ்வாறே. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்னும் சொல்லில் ‘எஸ்’ நுழைந்தது வெறும் தவற்றினால். ‘கர்னல்’ என்பதோ எழுத்தை இத்தாலிய மூலத்தைப் பின்பற்றி எழுதிக்கொண்டு, ஒலியைப் பழைய பிரெஞ்சு வடிவத்தில் வைத்துக்கொண்டது.

இதனால் ஆங்கிலேயருக்கே தம் சொற்களை ஒலிக்க நூல் வேண்டியதாயிற்று. 1791இல் ஜான் வாக்கர் உச்சரிப்பு அகராதி வெளியிட்டார். அதில் ஸ்காட்லாந்தாருக்கும் அயர்லாந்தாருக்கும் மட்டுமன்றி, இலண்டன் வாசிகளுக்குமே அவரவர் பிழைகளைத் திருத்திக்கொள்ள விதிகள் தந்தார்! 1917இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி, பின்னாளில் உலகெங்கும் ஆசிரியர்களுக்குத் துணையாயிற்று. இலண்டன்காரரே புத்தகம் பார்த்துக் கற்ற ஒன்றை, நாம் பிறவியிலேயே அறியவில்லை என்று நாணுவானேன்?

கற்றால் கைகூடும் என்பதற்கு வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் சான்று. 1869இல் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர், கும்பகோணத்தில் படித்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1919இல், ஐம்பது வயதை எட்டிய காலத்தில்தான் இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரித் தலைவர் ஏ. எல். ஸ்மித், இவர் பேச்சைக் கேட்ட பின்னரே ஆங்கிலத்தின் அழகை உணர்ந்ததாகப் பாராட்டினார். ‘வெள்ளி நாவினர்’ என்று உலகம் புகழ்ந்த அந்த நா, காவிரிக் கரையில் பழகிய நாவே.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. 1888இல் திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன், 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பீடம் ஏறினார்.

அயல் ஒலி எந்த நாவுக்கும் கடினமே. ஆங்கிலேயர் நாவில் திருவல்லிக்கேணி ‘டிரிப்ளிகேன்’ ஆயிற்று; தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆயிற்று; மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆயிற்று. அதற்காக அவர்கள் வெட்கித் தலைகுனிந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்னும் நம் பாட்டிமாரும், ‘இராமன்’ என்று எழுதும் நம் புலவர்களும், முன்னே ஓர் உயிரெழுத்தைப் படியாக வைத்து ஏறும் ஒரே வழக்கத்தினர்தாம்.

அண்மையில் நம் மகள், வகுப்பில் யாரோ சிரித்ததால், ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்க மறுத்தாள். நாம் ‘கேஜ்’ கதையைச் சொன்னோம். அவளும் சிரித்தாள், பிறகு, “அப்பா, ரிசீட்டிலே பி எதுக்கு?” என்று கேட்டாள். இருவருமாக அகராதியைப் புரட்டினோம். மறுநாள் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்.

காலனிப் பெற்றோருக்கு நம் விண்ணப்பம் இது. பிள்ளை தவறாக ஒலித்தால் திருத்துவோம், சிரிக்க வேண்டாம். நமக்கே தெரியாவிடில், பிள்ளையோடு அமர்ந்து அகராதி பார்ப்போம். தெலுங்கும் ஆங்கிலமும் சூழ வளரும் நம் பிள்ளைகள், ‘தமிழ்’ என்பதைத் ‘தமில்’ என்று சொல்வதையும் கேட்கிறோம். ‘கேஜு’க்குச் செலவிடும் பொறுமையில் பாதியை அந்த ழகரத்துக்கும் செலவிடுவோமாக. நா ஒன்றே, பழக்கினால் இரண்டும் பழகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!