வேகத்தின் விலை – 11: ஒரே ஞாயிறு, இரண்டு ஐந்நூறு

போன வாரம், பெர்னி எக்லஸ்டோன் ஃபார்முலா ஒன் பந்தயங்களின் தொலைக்காட்சி உரிமையைத் தன் கைக்குள் கொண்டுவந்த கதையைப் பார்த்தோம். அதே வித்தையை அமெரிக்காவில் செய்துபார்க்கக் கிளம்பியவர்களின் கதை இந்த வாரம். வித்தையில் முக்கால் பங்கை அவர்கள் சரியாகவே பிடித்துக்கொண்டார்கள். விட்டுப்போன கால் பங்குதான் அவர்களைப் பல வருஷம் ஆட்டிவைத்தது.

கதையின் நடுநாயகம் இண்டியானாபொலிஸ் தடம். 1909-இல் கட்டிய இரண்டரை மைல் நீள்வட்டம். அந்தக் காலத்தில் 32 லட்சம் செங்கல் பதித்த தரை என்பதால் 'பிரிக்யார்ட்' என்று செல்லப் பெயர். 1911 முதல், இரண்டு உலகப் போர்க் காலம் நீங்கலாக, ஒவ்வொரு ஆண்டும், வழக்கமாக மே மாதத்தில், இங்கே 33 கார்கள் 200 சுற்று ஓடும்; மொத்தம் 500 மைல். சக்கரத்துக்கு மேல் மட்கார்டு ஏதும் இல்லாமல் நான்கு டயரும் வெளியே தெரிகிற கார்கள். ஆங்கிலத்தில் ஓப்பன் வீல் என்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பூட்டிக்கிடந்து புல் மண்டிப்போன இந்தத் தடத்தை 1945 நவம்பரில் 7,50,000 டாலருக்கு வாங்கியவர் டோனி ஹல்மன். மளிகை மொத்த வியாபாரக் குடும்பம். 'கிளாபர் கேர்ள்' பேக்கிங் பவுடர் அவர்களுடையதுதான். மூன்று முறை இந்தப் பந்தயத்தை வென்ற வில்பர் ஷா, இடம் பிளாட் போட்டு விற்கப்பட்டுவிடக் கூடாதே என்று ஆள் தேடி அலைந்து ஹல்மனைப் பிடித்துக் கொடுத்தார்.

டிக்கெட் விற்றுக் கல்லாவை நிரப்பிய குடும்பத்துக்குத் தொலைக்காட்சி என்றால் இயல்பாகவே ஒரு சந்தேகம். வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் எவன் காசு கொடுத்து உள்ளே வருவான்? 1964 முதல் 1970 வரை நேரலை பார்க்க வேண்டுமென்றால் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே தனித் திரையிடல், தனிக் கட்டணம். 1971 முதல் ஏபிசி சேனல் பகலில் நடந்த பந்தயத்தை அன்று இரவு வெட்டி ஒட்டிக் காட்டியது. முழு நேரலை வந்தது 1986-இல். அப்போதும் இண்டியானாபொலிஸ் ஊர்க்காரர்களுக்குப் பகல் ஒளிபரப்பு இல்லை. அந்தத் தடை முதன்முறையாகத் தளர்ந்தது 2016-இல், நூறாவது பந்தயத்துக்கு டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்த பிறகு!

இதற்கிடையே மட்கார்டு போட்ட கார்களின் நாஸ்கார் என்ன செய்துகொண்டிருந்தது? 1979 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தை சிபிஎஸ் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை நேரலையாகக் காட்டியது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அன்று பனிப்புயல், வெளியே தலைகாட்ட முடியவில்லை. வேறு வழியின்றி டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள், கடைசிச் சுற்றில் முன்னால் போன இருவர் மோதிக்கொண்டு காரை விட்டு இறங்கிக் கைகலந்ததைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். நாஸ்காரின் அதிர்ஷ்டம் அன்றைக்குத் திறந்தது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். வானிலையை யாரும் திட்டமிட முடியாது. ஆனால் நேரலைக்குச் சம்மதிக்கிற புத்தி வேண்டுமல்லவா!

அதே சமயத்தில் ஓப்பன் வீல் அணி முதலாளிகள் பொருமிக்கொண்டிருந்தார்கள். காருக்கும் எஞ்சினுக்கும் ஆகிற செலவு ஏறிக்கொண்டே போனது, கைக்கு வரும் பரிசுப் பணம் அதற்கு எட்டவில்லை. முன்னாள் ஃபார்முலா ஒன் ஓட்டுநரும் அணி முதலாளியுமான டான் கர்னி 1978-இல் சக முதலாளிகளுக்கு ஒரு அறிக்கை எழுதினார். எக்லஸ்டோனின் சங்கத்தைப் பாருங்கள், நாமும் ஒரே குரலில் பேரம் பேசுவோம், தொலைக்காட்சியைச் சரியாகப் பயன்படுத்துவோம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே ரோஜர் பென்ஸ்கி, பாட் பாட்ரிக் முதலியோர் சேர்ந்து 'கார்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். 1979-இல் அவர்களுடைய ஆறு அணிகளை இண்டியானாபொலிஸில் சேர்க்க மாட்டோம் என்று பழைய நிர்வாக அமைப்பு மறுத்தது. கோர்ட் உத்தரவோடு உள்ளே நுழைந்தார்கள். அந்த வருஷம் ஜெயித்ததும் பென்ஸ்கியின் காரை ஓட்டிய ரிக் மியர்ஸ்தான்.

இங்கேதான் அந்தக் கால் பங்கு. எக்லஸ்டோன் மொனாக்கோ உட்பட மொத்தப் பந்தயங்களையும் ஒரு கட்டாகக் கட்டி விற்றார். கார்ட் அமைப்போ நல்ல அணிகள், நல்ல ஓட்டுநர்கள், நகரத் தெருப் பந்தயங்கள் என எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. இண்டியானாபொலிஸ் மட்டும் ஹல்மன் குடும்பத்திடமே இருந்தது. ஏபிசியோடு தனி ஒப்பந்தமும் அவர்களுக்கு இருந்தது. விளம்பரக்காரர்களுக்குப் பெயர் சொன்னால் தெரிகிற ஒரே பந்தயம் அதுதான். போதாக்குறைக்கு எக்லஸ்டோனைப் போல ஒற்றை ஆள் முடிவெடுக்கும் வழக்கமும் இங்கே இல்லை. போட்டி போடும் முதலாளிகளே நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து வோட்டுப் போட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரனுக்கு லாபமென்றால் நல்ல யோசனையும் தோற்கும்.

ஆனாலும் பதினைந்து வருஷம் வண்டி நன்றாகவே ஓடியது. 1993-இல் ஃபார்முலா ஒன் சாம்பியன் நைஜல் மான்செல் இங்கே வந்து முதல் வருஷமே பட்டம் வென்றபோது எக்லஸ்டோனே சற்றுத் திரும்பிப் பார்த்திருப்பார்.

1990-இல் தடத்தின் தலைமைக்கு வந்தார் ஹல்மனின் பேரன் டோனி ஜார்ஜ். வயது முப்பது. கார்ட் மீது அவர் சொன்ன குறைகள் அப்படியொன்றும் பொய்யில்லை. எஞ்சினை வாடகைக்குத்தான் தருவார்கள், விலைக்குத் தர மாட்டார்கள். வெளிநாட்டு ஓட்டுநர்கள் குவிகிறார்கள், உள்ளூர் மண் தடங்களில் வளர்ந்த பையன்களுக்குச் சீட்டு இல்லை. இதற்கு ஜெஃப் கார்டனை விட நல்ல சாட்சி கிடையாது. இண்டியானாவில் பந்தயம் ஓட்டி வளர்ந்த பிள்ளை, ஓப்பன் வீலில் இடம் கிடைக்காமல் நாஸ்காருக்குப் போனார். 1994 ஆகஸ்டில் டோனி ஜார்ஜ், பல பத்தாண்டுகளாக 500-ஐத் தவிர வேறு பந்தயமே காணாத தடத்தை நாஸ்காருக்குத் திறந்துவிட்டபோது, அங்கே ஜெயித்தவர் அதே கார்டன்.

குறை உண்மைதான்; மருந்துதான் விஷமாகிவிட்டது. ஜார்ஜ் 1994-இல் ஐ.ஆர்.எல். என்ற சொந்தத் தொடரை அறிவித்தார். 1996 இண்டியானாபொலிஸ் 500-இல் உள்ள 33 இடங்களில் 25 தன் தொடரின் புள்ளிப் பட்டியலில் முன்னால் இருப்பவர்களுக்கே என்றார். மீதி எட்டுக்கு மற்றவர்கள் முட்டி மோதலாம். கார்ட் முதலாளிகள் இதைத் தன்மானப் பிரச்னையாக எடுத்துக்கொண்டு அதே நாளில் மிச்சிகன் தடத்தில் 'யு.எஸ். 500' என்று போட்டிப் பந்தயம் அறிவித்தார்கள். வெல்பவருக்கு 10 லட்சம் டாலர்.

1996 மே 26, ஞாயிறு. இண்டியானாபொலிஸில் கார்ட் நட்சத்திரங்கள் ஒருவரும் இல்லை. வரிசையில் பாதிப் பேர் புதுமுகங்கள். முதலிடத்திலிருந்து கிளம்ப வேண்டிய ஸ்காட் பிரேட்டன் ஒன்பது நாள் முன்பு பயிற்சியில் இறந்துபோயிருந்தார். மார்ச்சில் முதுகெலும்பு முறிந்து, வலி முழுதும் தீராமலே காரில் ஏறிய பட்டி லேசியர் ஜெயித்தார். அவரைக் கை பிடித்துத்தான் காரிலிருந்து இறக்கினார்கள். மிச்சிகனில் 'நிஜமான' நட்சத்திரங்கள் இருந்தார்கள். எங்கள் ஓட்டுநர்கள்தான் உலகத் தரம் என்று வாரக்கணக்கில் பேசியவர்களின் கார்கள், பச்சைக் கொடி விழும் நேரத்தில் முன்வரிசையிலேயே உரசிக்கொண்டன. பின்னால் வந்தவை மேலே மேலே மோதி, பத்துப் பன்னிரண்டு கார்கள் நொறுங்கின. பந்தயத்தை நிறுத்தி, மாற்றுக் கார்களை இறக்கி மறுபடி தொடங்கினார்கள். உரசலில் சிக்கிய முன்வரிசைக்காரர்களில் ஒருவரான ஜிம்மி வாஸர், மாற்றுக் காரில் ஜெயித்தார். இண்டியானாபொலிஸில் வென்றவர் பால் குடிப்பது மரபு. பால் யாருக்கு வேண்டும் என்று வாஸர் கிண்டலடித்தார்.

வேண்டியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. இண்டியானாபொலிஸைக் காட்டியது ஏபிசி, மிச்சிகனைக் காட்டியது இஎஸ்பிஎன்; இரண்டுமே அப்போது டிஸ்னி கம்பெனியின் சேனல்கள். யார் ஜெயித்தாலும் டிஸ்னிக்கு நஷ்டமில்லை. 'இண்டிகார்' என்ற பெயர் யாருக்கு என்ற வழக்கும் நடந்து, இருவருமே சில வருஷம் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சமரசம் ஆனது. இருந்த ஒரு நல்ல பிராண்டையும் பரணில் தூக்கிப் போட்டாயிற்று. ரசிகருக்கு எந்தத் தொடர் எது என்றே புரியவில்லை. புரியாததை அவர்கள் பார்ப்பதில்லை.

1998-இல் கார்ட் பங்குச் சந்தைக்குப் போனது. நியூயார்க் சந்தையில் அதன் குறியீடு எம்.பி.ஹெச்., பங்கு விலை 16 டாலர். அடுத்த ஆண்டே நாஸ்கார், ஆறு வருஷ ஒளிபரப்புக்கு 240 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஸ்பான்சர்கள் கணக்குப் போட்டார்கள். 2000-இல் கார்ட்டின் சிப் கனாசி அணி தன் ஓட்டுநர் மொன்டோயாவை இண்டியானாபொலிஸுக்கு அழைத்துப்போய் ஜெயித்துத் திரும்பியது. மறு வருஷம் பென்ஸ்கியும் போனார், ஜெயித்தார், 2002-இல் ஐ.ஆர்.எல்.லுக்கே மாறிவிட்டார்.

கார்ட்டுக்குக் கெட்ட நேரம் வரிசையாக வந்தது. 2001 ஏப்ரலில் டெக்சாஸ் தடத்தில் 24 டிகிரி சரிவில் மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் பறந்து பயிற்சி எடுத்த ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலைசுற்றுகிறது என்றார்கள். காரை விட்டு இறங்கியவர்களுக்கு நேராக நிற்க முடியவில்லை. மருத்துவர் விசாரித்தபோது பத்துச் சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டியவர்களில் கிட்டத்தட்ட அத்தனை பேருக்கும் அதே நிலை. வளைவில் உடல் எடை ஐந்து மடங்காக அழுத்தியதன் விளைவு. மக்கள் டிக்கெட்டோடு வந்துகொண்டிருக்க, தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கையில் பந்தயம் ரத்து. உயிர்களைக் காத்த சரியான முடிவு. கூடவே தட முதலாளியின் வழக்கும் நஷ்ட ஈடும்.

2003-இல் ஹோண்டாவும் டொயோட்டாவும் ஐ.ஆர்.எல். பக்கம் போயின. தொடரின் முக்கிய ஸ்பான்சர் ஃபெடெக்ஸ் தன் பெயரை விலக்கிக்கொண்டது. சேனல் பணம் கொடுத்த காலம் போய், கார்ட்டே சேனலுக்குப் பணம் கட்டி நேரம் வாங்கியது. நம் ஊரில் சீரியல் தயாரிப்பாளர் ஸ்லாட் வாங்கி, விளம்பரத்தைத் தானே தேடிப் பிடிப்பாரே, அதே கதை. 16 டாலர் பங்குக்கு அந்த ஆண்டு பேசப்பட்ட விலை 56 சென்ட். திவாலாகி 2004 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தபோது டோனி ஜார்ஜ் தரப்பு சுமார் 1.35 கோடி டாலர் தர முன்வந்தது. வாங்கினால் இழுத்து மூடிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். நீதிபதி, மிகக் குறைந்த தொகை சொன்ன கால்கோவன், ஃபோர்ஸைத், ஜென்டிலோஸி கூட்டணிக்கே கொடுத்தார். தொடர் உயிரோடு இருந்தால்தான் தட முதலாளிகளின் பாக்கி வழக்குகள் கிளம்பாது என்பது கணக்கு. சாம்ப் கார் என்ற பெயரில் இன்னும் நான்கு வருஷம் மூச்சு ஓடியது.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. டோனி ஜார்ஜ் தன் நீள்வட்டத்துக்குள்ளேயே வளைவுப் பாதை போட்டு 2000-இல் ஃபார்முலா ஒன்னையும் வரவழைத்திருந்தார். 2005 ஜூன் 19 அன்று அங்கே மிச்செலின் டயர்கள் சரிந்த வளைவைத் தாங்காது என்று தெரிந்து, 14 கார்கள் முன்னோட்டச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. ஓடியது ஆறே கார்கள். அதில் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அன்றைய ஐந்து மட்டுமே. பார்வையாளர்கள் பாட்டிலை வீசிக் கத்திக்கொண்டிருந்த நாளில் கிடைத்தாலும் புள்ளி புள்ளிதான். 2007-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் அங்கே வரவில்லை.

2008 பிப்ரவரியில் ஒருவழியாகச் சமாதானம் ஆனது. ஆனால் ஏப்ரலில் ஒரே வார இறுதிக்கு இரண்டு பக்கமும் முன்பே தேதி குறித்திருந்தார்கள். ஒரு பாதி ஜப்பானின் மொட்டேகியில் ஓடியது. மறு பாதி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில். மொட்டேகியில் ஜெயித்தவர் டானிகா பாட்ரிக், இந்தத் தொடரில் வென்ற முதல் பெண். அமெரிக்க டிவிக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா? பிரிவு தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த பொன்னான தருணம், பாதி அமெரிக்கா தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது.

பிறகு 2009 முதல் பெரும்பாலான பந்தயங்கள் வெர்ஸஸ் என்ற சின்ன கேபிள் சேனலுக்குப் போயின. அதே ஆண்டு டிரெக்டிவி அந்தச் சேனலையே பல மாதம் நிறுத்திவைத்தது. அதே 2009-இல் டோனி ஜார்ஜும் தடத்தின் தலைமையை இழந்தார். பத்து வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில், அவரே பென்ஸ்கியை அணுகி விற்பனைப் பேச்சைத் தொடங்கினார். 2020 ஜனவரியில் தடம், தொடர் இரண்டும் பென்ஸ்கி கைக்கு வந்தன. 1978-இல் விட்டுப்போன கால் பங்கு, 82 வயதில் அவருக்குக் கிடைத்தது. வாங்கிய வருஷமே கொரோனா; முதல் 500-ஐ ஆகஸ்டில் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடத்தினார்.

2025-இல் 17 பந்தயங்களையும் ஃபாக்ஸ் தன் பிரதான சேனலிலேயே காட்டியது. இண்டியானாபொலிஸ் 500-ஐ சுமார் 70 லட்சம் பேர் பார்த்தார்கள். பதினேழு வருஷத்தில் அதுதான் அதிகம். ஜூலை இறுதியில் ஃபாக்ஸ், பென்ஸ்கியின் பந்தயக் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கையே வாங்கிக்கொண்டது. சேனலிடம் உரிமையை விற்பதை விட, சேனலையே பங்காளி ஆக்கிக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது. பங்காளி தன் பண்டத்தை இரவு பதினோரு மணிக்குத் தள்ள மாட்டான். ஆனால் அடுத்த ஒப்பந்தம் வரும்போது வேறு சேனல் எதற்காக விலை கேட்டு வரும் என்ற கேள்வி இருக்கிறது. ஃபார்முலா ஒன்னோ 2026 முதல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனிக்குப் போய்விட்டது.

அணி முதலாளிகளுக்கும் இப்போது கையில் ஒரு பத்திரம் உண்டு. 2024 செப்டம்பரில் பத்து அணிகளுக்கு 25 நிரந்தர இடங்களை ஒதுக்கினார்கள், விற்கலாம், வாங்கலாம். வருஷம் முழுக்க எல்லாப் பந்தயத்துக்கும் அது செல்லும். இண்டியானாபொலிஸ் 500-க்கு மட்டும் செல்லாது. அங்கே 33 இடத்தையும் வேகம் காட்டித்தான் பிடிக்க வேண்டும், பென்ஸ்கியின் கார்களும் சேர்த்து.

(தொடரும்)